கோட்டுக்குக் கீழே பதினோரு வரி

மரக்காணம்
17-3-1974

அன்புள்ள அக்காவுக்கு,

பாஞ்சாலை எழுதிக்கொள்வது. நீ கல்யாணமாகி வேதாரண்யம் போன பிறகு நான் எழுதும் முதல் நீளக் கடிதம் இது. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன். இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். நான் பொய் எழுதினால் கண்டுபிடிக்க ஆள் இல்லை. அதனால்தான் முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்.

மாமாவுக்கு என் நன்றியைச் சொல். கல்யாணத்தன்று மச்சினிச்சிக்கு எல்லா மாப்பிள்ளைகளும் வளையல் கொடுப்பார்கள், ரிப்பன் கொடுப்பார்கள். உன் தேவநாதன் மாமா ஓர் இங்கிலீஷ் அகராதி கொடுத்தார்! வெள்ளைக்கார உப்பு ஆபீசர் ஒருவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்ததாம். இது சாதாரண அகராதி இல்லை அக்கா. ஒவ்வொரு வார்த்தையும் எங்கே பிறந்தது, எந்த ஊர் வழியாக வந்தது என்று சொல்கிறது. கரையான் அட்டையைத்தான் தின்றிருக்கிறது, உள்ளே ஒரு எழுத்தையும் தொடவில்லை. ஒரே குறை, இது முதல் பாகம். ஏ-யில் தொடங்கி எம்-மோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் பாகத்தையும் தேடி அனுப்புவதாக மாமா சொன்னார். ஞாபகப்படுத்து.

நேற்று சாப்பாட்டின்போது 'கம்பேனியன்' என்ற வார்த்தையை எடுத்துச் சொன்னேன். லத்தீனில் அதற்கு, சேர்ந்து ரொட்டி தின்பவன் என்று பொருளாம். அம்மா உடனே, "அப்போ நானும் உங்கப்பாவும் அது இல்லடி. அந்தாளு தின்னு ஏப்பம் விட்டப்புறந்தானே நான் தட்டுல கை வெக்கிறேன்" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஏன், வாயேன், இப்ப வந்து குந்து. யாரு வாணாம்னது?" என்றார். அம்மா குந்தவில்லை.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர், 'சாலரி' என்ற வார்த்தை உப்பிலிருந்து பிறந்தது என்கிறார். தமிழில் சம்பளத்துக்குள்ளும் நம் உப்பளத்து அளம் இருக்கிறதாம், சம்பா நெல்லும் உப்பும் என்பார்களாம். அப்பாவிடம் சொன்னேன். "அளத்துல நிக்கிறவனுக்கு இத வேற வந்து சொல்றியா?" என்று காலைத் தூக்கிக் காட்டினார். வெடிப்பு இன்னும் ஆறவில்லை. 'எஸ்' இரண்டாம் பாகத்தில் இருப்பதால் டீச்சர் சொன்னதை என்னால் சரிபார்க்க முடியவில்லை. அதுதான் என் தவிப்பு.

வழக்கம்போல உப்பு ஆபீஸ் வாசல் விளக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாட்ச்மேன் கலியன் எட்டு மணிக்கு அணைத்துவிடுவார். "கலெக்டருக்குப் படிக்கிறியா?" என்று தினமும் கேட்கிறார். பதில் போடு.

உன் தங்கை
பாஞ்சாலை


வேதாரண்யம்
6-4-1974

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

அக்கா அஞ்சம்மாள் எழுதுவது. நான் நலம். மாமா நலம். அப்பா அம்மா நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அப்பா காலைத் தூக்கிக் காட்டிய இடத்தை மட்டும் இன்னும் அதிகம் படித்தேன். இரவில் வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவச் சொல். நான் இல்லாததால் அவர் தடவமாட்டார்.

இங்கேயும் உப்புதான். மாமா அளத்தில் மேஸ்திரி என்பதால் நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை. வாசலுக்கும் போக வேண்டியதில்லை. நீ சொன்ன கம்பேனியன் பற்றி யோசித்தேன். இங்கே எல்லோரும் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிடுகிறேன். சில நாள் பசிப்பதில்லை.

வலது கை கொஞ்சம் சரியில்லை. அதனால் எழுத்துக் கோணலாக இருக்கும். மாமா பக்கத்தில் இருக்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார். இரண்டாம் பாகத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாராம்.

நீ எட்டோடு நிற்கக் கூடாது. என்னைப்போல நிற்கக் கூடாது.

அக்கா


மரக்காணம்
28-4-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ரொம்பச் சின்னது. அதிலும் பிழை இரண்டு. 'நலமறிய' என்பதற்கு வல்லின 'ற' போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அதைக் கோட்டைவிட்டுப் பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறாய். கையைக் கதவில் இடித்துக்கொண்டாயா? பலகைமேல் வைத்து எழுது, நடுங்காது.

உனக்காக 'ஹஸ்பண்ட்' பார்த்தேன். வட தேசத்துப் பாஷையில் வீட்டில் குடியிருப்பவன், வீட்டுக்குடையவன் என்று அர்த்தமாம். மாமாவுக்குப் பொருத்தம்தானே. என் வகுப்புத் திரௌபதியின் அத்தான் புதுச்சேரி போனால் மூன்று நாள் வீடு திரும்புவதில்லை. உன்னைக் கேட்காமலே உனக்கு நல்ல வீட்டுக்காரர் வாய்த்திருக்கிறார். இப்படி எழுதினேன் என்று அவரிடம் சொல்லு.

நான் வகுப்பில் இங்கிலீஷில் முதல். டீச்சர் என் அகராதியை ஒருநாள் இரவல் வாங்கிப்போனார். திருப்பித் தரும்போது, "இதோட ஜோடி எங்கம்மா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வந்துவிடும் அல்லவா?

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். பசிப்பதில்லை என்ற இடத்தில், "திரும்பப் படி" என்றார். படித்தேன். அம்மா சிரித்துவிட்டு, "நல்ல சேதிதாங்க, இன்னா பாக்கிறீங்க" என்றாள். அப்பா மெதுவாகத்தான் சிரித்தார். அன்றைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார்.

பாஞ்சாலை


வேதாரண்யம்
19-6-1974

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நலம். அம்மா நினைத்தது சரிதான். நீ சித்தி ஆகப்போகிறாய். மூன்று மாதம் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் படித்துச் சொல்.

மாமா எழுதச் சொன்னது: புத்தகத்தின் இரண்டாம் பாகம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டதாம். ஆடி கழிந்ததும் அவரே கொண்டுவந்து தருவாராம். அதுவரை இங்கிருந்து யாரும் வர வேண்டாம், அங்கிருந்தும் யாரும் வர வேண்டாம், அலைச்சல் என்கிறார்.

____________________

கோட்டுக்கு மேலே உள்ளதை மாமா படித்துவிட்டார். இதைப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா ஒட்டித் தபாலில் போட்டுவிடுவாள். இந்தப் பகுதியை அம்மாவுக்குப் படிக்காதே, தாங்கமாட்டாள். அப்பாவுக்கு மட்டும் படி.

அப்பா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள். நம் பக்கத்தில் அளத்து வீடுகளில் ஆடியில் பெண்ணை அழைப்பதில்லை, ஐப்பசியில் மழை விழுந்து வேலை நின்ற பிறகுதான் அழைப்போம் என்று தெரியும். பெண் வாய் திறந்து கேட்டால் மட்டும் ஆடியிலேயே வருவீர்கள். நான் கேட்கிறேன். கை கதவில் இடிபடவில்லை. நானாகக் கிளம்பினால் ஓடிப்போனவள் என்பார்கள். நீங்கள் பழம், தேங்காயோடு ஆடி அழைப்பு என்று வந்து வாசலில் நின்றால் இவர்களால் மறுக்க முடியாது. ஆடி ஒன்று முதல் துணியை மூட்டை கட்டி வைத்திருப்பேன்.

பாஞ்சாலை, பதிலில் இதைப் பற்றி எழுதாதே. உன் கடிதத்தை அவர்தான் பிரிப்பார்.

அக்கா


மரக்காணம்
2-7-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி கேட்டு அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அப்பா அன்றைக்கு அளத்தில் பாட்டுப் பாடினாராம். இந்த வருஷம் வெயில் நன்றாக இருப்பதால் பாத்தி பாத்தியாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. விடிகாலையில் போனால் பொழுது சாயத்தான் வருகிறார்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உப்ப வாரி எடுக்காம உட்டா ஒரு மழைக்குத் தாங்காது. ஐப்பசியில வந்து தலை தீபாவளிக்கு ஜம்முன்னு கூட்டியாறேன்னு எழுது." வேறு ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். ஆடி கழிந்து வரும்போது புத்தகத்தை மறக்காமல் எடுத்து வரச் சொல். டீச்சரிடமும் சொல்லிவிட்டேன்.

'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை அல்லவா? லத்தீனில் அது 'பேசாதது' என்று பொருளாம். உன் குழந்தைக்கு முதல் வார்த்தையை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். எந்த வார்த்தை என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இந்தக் கடிதம் சின்னதாகப் போய்விட்டது. விளக்கில் பூச்சி அதிகம்.

பாஞ்சாலை


வேதாரண்யம்
25-8-1974

பாஞ்சாலைக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் படித்துப் பார்த்து ஒட்டவில்லை. நான் இப்போது பாப்பாத்தி அக்கா வீட்டில் இருக்கிறேன். அவளோடு அளத்துக்குப் போகிறேன். அந்த வீட்டிலிருந்து நானாகத்தான் கிளம்பி வந்தேன். என்ன பேர் சொல்வார்கள் என்று பயந்தேனோ அந்தப் பேரைச் சொல்கிறார்கள். கேட்டுப் பழகிவிட்டது.

ஐப்பசியில் வருகிறோம் என்று நீ எழுதியதைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மாமாவின் கண்ணில் மண்ணைத் தூவ எழுதியிருக்கிறாய், அப்பா ஆடியிலேயே வருவார் என்று நினைத்தேன். என் தங்கை எவ்வளவு கெட்டிக்காரி என்று பாப்பாத்தி அக்காவிடம் பெருமை பேசினேன். ஆடி ஒன்றிலிருந்து மூட்டையைக் கட்டிக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தேன். நாகப்பட்டினத்து பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவர் மூட்டையைப் பார்த்துவிட்டார்.

ஆடிப் பதினெட்டு அன்று விழுந்தேன். விழுந்தேன் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். பேசாதது என்று எழுதியிருந்தாய். உன் புத்தகத்தில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அது அழக்கூட இல்லை.

படுத்துக் கிடந்தபோது யோசித்தேன். எனக்கு அப்பாவைத் தெரியும். ஏழாம் வகுப்பில் எனக்கு மயக்கம் என்று யாரோ சொன்னதும் உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டுக் கால்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தவர் அவர். வகுப்பு முழுதும் உப்புக் காலடி. என் பதினோரு வரிகளைக் கேட்டிருந்தால் வந்திருப்பார். வரவில்லை. அப்படியென்றால் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்றால் நீ படிக்கவில்லை.

ஏன் என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ எழுதுவாய், நான் படித்துவிட்டு மன்னித்துவிடுவேன். எனக்கு இப்போது அது வேண்டாம்.

இதோடு வரும் பார்சலில் உன் இரண்டாம் பாகம் இருக்கிறது. அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில்தான் ஏலத்தில் எடுத்தாராம். ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்காக நீ காத்திருப்பாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் துணியை எடுக்கப் போனபோது அதையும் எடுத்துவந்தேன்.

அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். தபால்காரர் முருகையன் பெயருக்கு. அவரே வந்து படித்துக் காட்டுவார். இனிமேல் என் கடிதங்களை நீ படிக்க வேண்டியதில்லை.

அஞ்சம்மாள்


மரக்காணம்
15-9-1974

அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதையே முன்பும் சொன்னேன். இந்த முறை நீ நம்பாவிட்டாலும் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அப்பா வந்து குந்தினார். நான் கோட்டுக்கு மேலே இருந்ததைப் படித்தேன். அம்மா சர்க்கரை வாங்க ஓடினாள். நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அப்பாவுக்கு மட்டும் படி என்று நீ சொன்னதற்கு ஏற்ற நேரம் அதுதான். கடிதம் என் கையில் இருந்தது. "வேற ஒண்ணும் கேக்கலியா புள்ள?" என்று அப்பா கேட்டார். நான், "கேக்கல" என்றேன். "ஒண்ணுமே கேக்கலியா? செரி, அப்போ நல்லாத்தான் இருக்குது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்பா வந்து உன்னை அழைத்துப் போனால் மாமாவுக்குக் கோபம் வரும், புத்தகம் வராது என்று நினைத்தேன். அவ்வளவுதான் அக்கா. வேறு பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நாலைந்து நாளாகத் தேடிப் பார்த்தேன். இல்லை. ஆடி கழியட்டும், புத்தகம் வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகஸ்டு முப்பதாம் தேதி முருகையன் வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றார். "கன்னியப்பா, உன் மூத்த பொண்ணு எம்பேருக்கு லெட்டர் போட்டிருக்குது. நான் படிக்கணுமாம்" என்றார். அம்மா, "ஏன், எங்க வீட்ல படிக்கிற புள்ள இல்லியா?" என்றாள். முருகையன் என்னைப் பார்க்கவே இல்லை. நின்றபடியே படித்தார். எல்லாக் கடிதத்தையும் படிக்கும் அதே குரல்தான், நடுவில் இரண்டு முறை நின்று மூக்கைச் சிந்தினார். அம்மா போட்ட சத்தத்தில் உப்பு ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள்.

அப்பா அப்படியே கிளம்பினார். கால் கழுவவில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அவர் வந்து எங்களிடம் எப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தனியாகத் திரும்பிவந்தார். வழியில் வாங்கிக் கொண்டுபோன வாழைத்தாரையும் தேங்காயையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். "சோறு போட்டா. பக்கத்துல குந்திக்கினு கூடவே தின்னா. வாம்மான்னு கையப் புடிச்சேன். ஆடி முடிஞ்சிடுச்சிப்பா, நீ போன்னுட்டா" என்றார். அந்தப் பழத்தை யாரும் தொடவில்லை. அழுகியதும் அம்மா எடுத்து வெளியே போட்டாள்.

என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. நேற்று விளக்கு வைத்த பிறகு, "அந்த லெட்டர எடுத்தா" என்றார். ஜூன் கடிதத்தை எடுத்துவந்தேன். தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வலது கை ஆள்காட்டி விரலை முதல் வரியின் அடியில் வைத்தார். உப்பு தின்று நகம் பாதிதான் இருக்கிறது. "படி" என்றார். படித்தேன். விரலை இறக்கி அடுத்த வரியில் வைத்தார். "இது?" படித்தேன். அப்படியே ஒவ்வொரு வரியாக. கோடு வந்தது. விரல் அங்கே கொஞ்சம் நின்றது. கோட்டின்மேல் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். "கை கதவில் இடிபடவில்லை" என்ற வரியில் என்னால் முடியவில்லை. விரலை எடுக்காமல் வைத்திருந்தார். "படிம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படித்தேன். கடைசி வரி முடிந்ததும், "கோட்டுக்குக் கீழ எத்தினி வரி?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "பதினொண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவ ஒன்ன நிக்கச் சொல்லலியே. படிக்க வையின்னுதானே முருகையன் லெட்டர்ல கடைசியா எழுதியிருக்கா. இதையுமா மறைப்ப?" என்றாள். அதனால் போகிறேன். பின்வரிசையில் உட்காருகிறேன். ஜோடி வந்துவிட்டதா என்று டீச்சர் கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

முதல் பாகத்தில் 'கில்ட்' பார்த்தேன். குற்றம். எல்லா வார்த்தைக்கும் ஓர் ஊர் போட்டிருப்பார்கள், இதற்குப் பிறப்புத் தெரியவில்லை என்று போட்டிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் பார்த்தேன். 'ரீட்.' படிப்பது என்பது பின்னால் வந்த அர்த்தமாம். முதலில் அதற்குப் புதிரை அவிழ்ப்பது, ஒருவருக்கு யோசனை சொல்வது என்றெல்லாம் அர்த்தம் இருந்ததாம். மூடி வைத்துவிட்டேன். 'சாலரி' பக்கத்தை இன்னும் திருப்பவில்லை.

இந்தக் கடிதத்தைப் பாப்பாத்தி அக்கா விலாசத்துக்குப் போடுகிறேன். நீ படிக்கமாட்டாய் என்று தெரியும். வேறு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள். படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு வரியையும் விடாமல் படியுங்கள். எங்கள் அக்காவுக்கு வலது கை சரியில்லை. இல்லாவிட்டால் விரல் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. அது இப்போது வேண்டாம் என்று நீ சொன்னதைப் படித்தேன். முழுதும் படித்தேன்.

கலியன் இப்போதெல்லாம் என்னிடம் கலெக்டரைப் பற்றிக் கேட்பதில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று இருமினார், இன்னும் இரண்டு வரிதான் என்று சொன்னேன், நின்றார். எட்டு மணி அடித்தது. விளக்கை அணைக்கக் கை நீட்டுகிறார்.